இழுக்கிற வண்டியும் நிறுத்துகிற வண்டியும்

இரும்புக் கயிறு அறுந்தபோது இசக்கி அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தாணேயைத் தாண்டிச் சாலையோரப் பள்ளத்தில் பருத்தி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு வரை சேற்றில் இறங்கிக் கிடந்தது. அதை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி ஏறிய லாரி ஏதோ கல்லில் முட்டி நின்றது. கயிறு சுற்றும் வின்ச்சின் இரைச்சல் மாறியது. நிறுத்தச் சொல்லித் தம்பியைப் பார்த்து இசக்கி கையை உயர்த்தினான். உயர்த்திய கையை இறக்குவதற்குள் கயிறு அறுந்து அவன் நெஞ்சுக்குக் குறுக்கே அடித்தது.

அவன் மனைவி முப்பிடாதியம்மாள் சற்றுத் தள்ளி, இழுவை வண்டியின் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக் குந்தியிருந்தாள். அவன் விழுந்ததைப் பார்த்ததும் கட்டையை விட்டுவிட்டு ஓடினாள். வண்டியில் இருந்த தம்பி சிவனாண்டியும் குதித்து ஓடிவந்தான். பிடிக்க ஆளில்லாத இழுவை வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் சாய்ந்து பருத்தி லாரியின் மேலேயே விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இசக்கியின் வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. வழியில் வந்த பால் வண்டியில் ஏற்றித் தாணே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறக்கியபோது உயிர் இல்லை.

அது அறுபத்து நாலாம் வருஷம், மழை ஓயும் சமயம்.

தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தோல் கிடங்குகளில் வேலை பார்த்த காலத்தில் இசக்கி மட்டும் பழைய பட்டாளத்து லாரி ஒன்றை வாங்கி, பின்னால் பாரம் தூக்குகிற தூக்கு மரம் பொருத்தி, நடுவழியில் படுத்த லாரிகளை இழுத்துவரும் தொழிலில் இறங்கியிருந்தான். கட்டை போட வைத்த ஆட்கள் வேலையில் நிலைக்கவில்லை. முப்பிடாதி தானே வண்டியில் ஏறிக்கொண்டாள். நல்ல உயரம், அகன்ற கை. பிள்ளை இல்லை. குழாயடியில் அவள் வைத்த குடத்தை நகர்த்திவிட்டு ஒருத்தி இரண்டு நாள் வீங்கிய கன்னத்தோடு திரிந்ததைப் பற்றி எங்கள் குடிசை வரிசையில் பல காலம் பேசினார்கள். புருஷனும் அவளும் அடித்துக்கொள்வதும் உண்டு. அவன் அடித்தால் அவளும் திருப்பி அடிப்பாள்; மறுநாள் இருவரும் ஒன்றாக வண்டி ஏறிப் போவார்கள்.

அவன் போன பிறகு அவள் அழுததை நான் பார்க்கவில்லை. சப்பிப்போன வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டாள். தோல் கிடங்கில் வேலைக்கு வரச்சொல்லிச் சிலர் கூப்பிட்டார்கள்.

“எனக்குத் தெரிஞ்ச வேலை இதுதான்” என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அந்த அஞ்சல் அட்டை வந்தது. அந்தக் காலத்தில் புது டீசல் லாரி கேட்டவுடன் கிடைக்காது. பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இசக்கி எப்போதோ பதிந்து வைத்திருந்தான். அவனுடைய முறை வந்துவிட்டது, பதிந்தவர் இல்லாவிட்டால் வாரிசு வந்து எடுத்துக்கொள்ளலாம், மாதம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அட்டையில் இருந்தது.

சுனாபட்டியில் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவிடம் அட்டையைக் கொண்டுபோனாள். வேலூர்ப் பக்கத்துக்காரர். இசக்கியின் வண்டிக்குத் தூக்கு மரம் பொருத்தியவரே அவர்தான்.

“எடுத்துடு தங்கச்சி” என்றார். “தவணை கட்டிக்கலாம். தூக்கு மரத்த நான் ஏத்தித் தரேன்.”

சிவனாண்டிக்கு அது பிடிக்கவில்லை. “புது வண்டி சரக்கு ஏத்தத்தான் லாயக்கு பாய். சேத்துல கெடக்கிறதைப் பக்கவாட்டுல இழுத்தா அதோட அடிச்சட்டம் முறுக்கிக்கிடும். பட்டாளத்து வண்டின்னா முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மதினி, அண்ணன் எத்தனை லாரியத் தூக்கியிருக்கான், நீங்களே பாத்தியள்லா.”

“இழுக்கும், நான் இல்லேன்னு சொல்லல” என்றார் கரீம் பாட்சா. “கசாரா மலைப்பாதைல பின்னாடி லோடு லாரியத் தொங்கவிட்டுட்டு எறங்கும்போது? அங்க இழுக்கிறதா வேலை? நிறுத்தணும். பிரேக் புடிக்கணும். இருபது வருஷப் பழைய வண்டி பிரேக்க நம்பி நீ எறங்குவியா?”

“அண்ணன் எறங்கலியா?”

“அவன் எறங்கி வர்ற வரைக்கும் நான் பட்டறையச் சாத்தினதில்ல.”

முப்பிடாதி இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டாள். அவள் மனசு பழைய வண்டியின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதன் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து நெல்லையப்பன் பழக்கூடையோடு துக்கம் கேட்க வந்தார். குர்லாவில் பெரிய பழைய வண்டிக் கொட்டடி வைத்திருந்தவர். பட்டாளத்து ஏலத்தில் வண்டிகளை எடுத்து வர்ணம் அடித்து விற்பார். இழுவைக்கும் மூன்று வண்டி விட்டிருந்தார். விபத்து நடந்த இடத்தில் வேறு யாராவது வண்டியைத் தொட்டால் அவருடைய ஆட்கள் கையை உடைப்பார்கள் என்று பேர்.

“தாயி, உனக்கு ஒரு முறை வந்திருக்காம்லா” என்று தொடங்கினார். “புது வண்டி, தவணை, இந்தத் தலைவலியெல்லாம் பொம்பளை உனக்கு எதுக்கு? அந்த முறையை எம் பேருக்கு விட்டுக்குடுத்திரு. கொட்டடியில தூக்கு மரத்தோட ஒரு பட்டாளத்து வண்டி நிக்கி, ஆறு சக்கரமும் இழுக்கும். ஓட்டிக்கிட்டுப் போயிரு. காசு பேச்சே வேண்டாம்.”

புது லாரியின் முறைக்குக் கள்ளச் சந்தையில் என்ன மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடன் இல்லாமல் ஒரு வண்டி கைக்கு வருகிறது. சிவனாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் மூவரும் குர்லா போனார்கள். வண்டி பிரமாண்டமாக நின்றது. புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். கரீம் பாட்சா குனிந்து அடியில் பார்த்துவிட்டு, சக்கரங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்.

“வாங்காத வண்டியக் கழட்டுவாவளா பாய்?” என்று நெல்லையப்பன் சிரித்தார்.

“அப்ப ஒரு தடவை வேலைக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும்” என்றாள் முப்பிடாதி. “கசாரா மலையில, லோடோட.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். கூட வர திருவேங்கடம் என்ற ஆளை அனுப்பினார். கொட்டடியில் வண்டிகளைத் தயார் செய்வதும் ஆட்களை அடிப்பதும் அவன் வேலை.

கசாரா மலைப்பாதையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த லாரி முன்சக்கரம் கழன்று நின்றது. பட்டாளத்து வண்டி அந்த ஏற்றத்தை முனகாமல் ஏறியது. வெங்காய லாரியின் முகப்பைத் தூக்கிக் கொக்கியில் மாட்டியபோது பின்பக்கம் சற்றும் தாழவில்லை.

“கியா காடி ஹை, என்னா வண்டி” என்றான் சிவனாண்டி. முப்பிடாதிக்கும் பிடித்திருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டதாகப் பின்னால் அவளே சொல்லியிருக்கிறாள்.

இறக்கம் தொடங்கியது. சிவனாண்டி ஓட்டினான். நடுவில் அவள். கதவோரம் திருவேங்கடம். கரீம் பாட்சா கட்டையை வைத்துக்கொண்டு பின்னால் தூக்கு மரத்தடியில் நின்றிருந்தார். முதல் வளைவு திரும்பும்போது திருவேங்கடத்தின் கை கதவின் பிடியில் இருப்பதை முப்பிடாதி பார்த்தாள். இரண்டாவது வளைவிலும் அந்தக் கை அங்கேதான் இருந்தது. கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை.

“கதவை ஏன் தொறந்து வச்சிருக்கே?”

“புழுங்குது” என்றான்.

அடுத்த வளைவுக்கு முன்னால் சக்கரத்துக்குள் வெடிச் சத்தம் கேட்டது. சிவனாண்டியின் கால் பிரேக்கோடு தரை வரை போய்விட்டது. சத்தம் அடங்குவதற்குள் திருவேங்கடம் வெளியே குதித்துவிட்டான்.

சிவனாண்டி கியரைக் கீழே போட முயன்றான். பற்கள் கரகரத்ததே தவிர விழவில்லை. கைப் பிரேக் புகைந்தது. பின்னால் வெங்காயப் பாரம் உந்தியது. “பாய், கட்டை” என்று முப்பிடாதி பின்பக்கத் தகரத்தைக் குத்திக் கத்தினாள். கரீம் பாட்சா கட்டையோடு குதித்து, கூடவே ஓடி, பின்சக்கரத்துக்கு அடியில் வீசினார். சக்கரம் கட்டையைக் கவ்வி எதிர்ப்பக்கம் எறிந்தது. அந்த உதறலில் அவர் தடுமாறி விழ, சக்கரம் அவருடைய வலது காலின் மேல் ஏறிப் போனது.

இடது பக்கம் பள்ளத்தாக்கு. சிவனாண்டி வலது பக்கமாக ஒடித்து மலையில் மோதினான். பின்னாலிருந்த லாரி தூக்கு மரத்தை நசுக்கிக்கொண்டு ஏறியது. முப்பிடாதியின் நெற்றி கண்ணாடியை உடைத்தது.

கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கியபோது பாதை முழுக்க வெங்காயம் உருண்டுகொண்டிருந்தது. நடுவில் கரீம் பாட்சா கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். முப்பிடாதி முந்தானையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். வேறொரு லாரியில் பின்னால் வந்த வெங்காய லாரிக்காரன் இறங்கி ஓடிவந்து சிவனாண்டியின் சட்டையைப் பிடித்து மாறி மாறி அறைந்தான். சிவனாண்டி வாங்கிக்கொண்டு நின்றான்.

காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கரீம் பாட்சா முதலில் கேட்டது அந்தச் சக்கரத்தைப் பற்றித்தான்.

“பிரேக் டிரம்மப் பாத்தியா சிவனாண்டி?”

“பாத்தேன் பாய். ஏற்கெனவே விரிசல் விட்டதை வெல்டு வச்சு மேல வர்ணம் அடிச்சிருக்கானுவ.”

முப்பிடாதி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். “நான்தான் மலைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்” என்றாள்.

“சொல்லாம வாங்கியிருந்தா மூணு பேரும் செத்திருப்போம்” என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குச் சமாதானம் தரவில்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரத்தில் நெல்லையப்பனிடமிருந்து ஆள் வந்தது. வண்டியை உடைத்தது நீங்கள்தான். அதற்கு ஈடாக முறை அவருக்குச் சேர வேண்டும். வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் போகவில்லை. மூன்றாம் நாள் பகலில், சயான் ஸ்டேஷனுக்கு வெளியே ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, நாலு பேர் சிவனாண்டியைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் அவன் இடது கையை நடைபாதை விளிம்பில் வைத்து அதன் மேல் ஏறி நின்றான். எலும்பு முறிந்த சத்தம் டிக்கெட் வரிசை வரை கேட்டதாம்.

“குடுத்திருங்க மதினி” என்று அவன் அழுதான். “அடுத்தது கழுத்துன்னு சொன்னானுவ. ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருவோம்.”

மறுநாள் காலையில் அவள் குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் குர்லாவுக்குப் புறப்பட்டாள். கைநாட்டு வைக்கத்தான் போனேன் என்று அவளே சொல்வாள். கொழுந்தனின் கை அவளைப் பயமுறுத்திவிட்டிருந்தது.

கொட்டடி வாசலில் அந்தப் பச்சை வண்டி நின்றது. முகப்பைத் தட்டி நிமிர்த்தி, கண்ணாடி மாற்றி, மறுபடி வர்ணம் அடித்திருந்தார்கள். தாணேக்காரர்கள் இருவர், அண்ணனும் தம்பியும், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருவேங்கடம் சக்கரத்தைத் தட்டி, “பிரேக் கல்லு மாதிரி நிக்கும்” என்று அவர்களிடம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் நேராக அவர்களிடம் போனாள். தெரிந்த ஹிந்தியில், “இந்த வண்டியில பிரேக் டிரம்மு வெடிச்சது. என்கூட வந்தவருக்குக் கால் போச்சு. இவன் முதல்லேயே குதிச்சிட்டான்” என்றாள்.

திருவேங்கடம் அவள் தலைமுடியைப் பிடித்து ஆபீஸ் அறைக்குள் இழுத்துப் போனான். நெல்லையப்பன் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பத்திரத்தை எடுத்து விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

“தாயி, பேச்சு எதுக்கு. விரலை வச்சிட்டுப் போ.”

“வைக்க மாட்டேன்.”

திருவேங்கடம் அவளுடைய இடது கையை முறுக்கி மேஜை மேல் கொண்டுவந்தான். கட்டைவிரல் மையில் அழுந்தியது. வலது கை எட்டிய இடத்தில், காகிதம் பறக்காமலிருக்க வைத்த இழுவைக் கொக்கி ஒன்று கிடந்தது. இரண்டு சேர் கனம் இருக்கும். அவள் அதை எடுத்துத் திரும்பாமலே பின்பக்கம் வீசினாள். அது திருவேங்கடத்தின் தாடையில் இறங்கியது. கை விடுபட்டது. அடுத்த அடி பத்திரத்தின் மேல் விழுந்தது. அதை அழுத்திப் பிடித்திருந்த நெல்லையப்பனின் விரல்கள் கொக்கிக்கும் மேஜைக்கும் நடுவில் நசுங்கின. அவர் அலறியதைக் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள்.

அவர்கள் அவளைச் சும்மா விடவில்லை. இரும்புக் குழாயால் முதுகிலும் தலையிலும் அடித்தார்கள். அவள் விழுந்த பிறகும் மிதித்தார்கள். ஒருவனுடைய கணுக்காலைக் கடித்துச் சதையைப் பெயர்த்துவிட்டாள். வாசலில் நின்ற தாணேக்காரர்கள் இருவரும் உள்ளே புகுந்து தடுத்திருக்காவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர்கள்தான் டாக்சி பிடித்து சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

போலீஸ் வந்து கேட்டபோது இருவர் தரப்பும் வாய் திறக்கவில்லை. முறையைக் கைமாற்றுவது குற்றம். பத்திரத்தைப் பற்றிப் பேசினால் நெல்லையப்பன் மாட்டிக்கொள்வார். அவளும் மாதம் முடிவதற்குள் எழுந்து நடந்தாக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. தலையில் கட்டோடு போய்ப் புது வண்டியை எடுத்தாள்.

தூக்கு மரம் பொருத்தும் வேலையைக் கரீம் பாட்சா ஸ்டூலில் உட்கார்ந்து, ஊன்றுகோலால் காட்டிக் காட்டிச் செய்யவைத்தார். அந்த வேலைக்கு அவள் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. மாதாமாதம் அவருடைய மனைவியிடம் ஒரு தொகையைக் கொடுத்துவந்தாள். அந்தம்மாள் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்வாள். இரண்டு பெண்களும் கடைசிவரை சகஜமாகப் பேசிக்கொண்டதில்லை.

புது வண்டி எல்லாவற்றிலும் நல்லது என்று சொல்ல முடியாது. அடுத்த மழையில் சேற்றில் புதைந்த டேங்கர் லாரி ஒன்றைப் பக்கவாட்டில் இழுத்தபோது, சிவனாண்டி சொன்னபடியே அதன் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டது. நேர் செய்யப் பல நாள் ஆனது.

“பட்டாளத்து வண்டின்னா இழுத்திருக்கும்” என்றான் சிவனாண்டி.

“இழுத்திருக்கும்” என்று ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு சேற்று வேலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மலைப்பாதை வேலை மட்டும் பார்த்தாள். அந்த இறக்கத்தில் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. லோடு லாரிக்காரர்களுக்கு அது தெரிந்தது. சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

நெல்லையப்பனின் ஆட்களும் ஓயவில்லை. டயரைக் கிழித்தார்கள். டீசல் தொட்டியில் மணல் போட்டார்கள். அறுபத்தேழில் ஒரு காலை, கசாரா பாதையில் கவிழ்ந்த லாரி ஒன்றுக்கு இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. இறங்கிய உடனே அடிதடி. ஒருவன் கல்லை எடுத்துச் சிவனாண்டியின் இடது காதோரம் அடித்தான். முப்பிடாதி ஜாக்கித் தடியோடு இறங்கி அவன் முழங்காலைச் சிதைத்தாள். அடுத்து வந்தவனின் மண்டை பிளந்தது. அவள் தோளிலும் ஒரு வெட்டு விழுந்தது. பாதை அடைத்துப் பின்னால் வரிசையாக நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்கள் இறங்கிவந்து நடுவில் நின்றார்கள்.

கவிழ்ந்த லாரியின் டிரைவர் ஒரு வயதான நாசிக் ஊர்க்காரர். இரண்டு வண்டிகளையும் பார்த்தார். “கீழே இறக்கணும். இந்த அம்மாவோட வண்டியில போறேன்” என்று அவளைக் காட்டினார். மற்ற டிரைவர்களும் அதையே சொன்னார்கள். நெல்லையப்பனின் ஆட்கள் அடிபட்டவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

அவள் தோளைத் துணியால் கட்டிக்கொண்டாள்.

“காது கேக்குதால?”

“ஒரு பக்கம் கேக்கலை மதினி.”

“வண்டியைத் திருப்பு. வெயில் ஏறுறதுக்குள்ள எறக்கிருவோம்.”

மத்தியானத்துக்குள் லாரி கீழே வந்து சேர்ந்தது. சிவனாண்டிக்கு அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. அவன் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது, சத்தமாகப் பேசாமல் தோளைத் தொட்டுச் சொல்ல அவள் பழகிக்கொண்டாள்.